அப்பா பேரில் ஒரு சைக்கிள்

என்னிடம் இருபத்து மூன்று சைக்கிள் லைசன் துண்டுகள் இருக்கின்றன. ஐம்பதாம் ஆண்டு முதல் எழுபத்திரண்டு வரை, வருஷத்துக்கு ஒன்று. எல்லாத் துண்டிலும் ஒரே பேர், ஒரே விலாசம். பேர் என் அப்பாவுடையது. அவர் ஒரு நாளும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவர் அல்ல. விலாசம் மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு கடையின் இலக்கம். அங்கே அவர் ஒரு பொழுதும் தங்கியதில்லை.

பதினெட்டு வயதிலிருந்து நான் டயரி எழுதுகிறேன். தேதி தெரிந்ததைத் தேதியோடு எழுதுவேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவேன். ஆகையால் இந்தச் சைக்கிளின் கதையில் எந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதை நானே எனக்கு மறைக்க வழியில்லை.

நாங்கள் எல்கடுவைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா இரண்டு வயதில் தாயின் மடியில் கப்பலேறி வந்தவர். எந்த ஊரிலிருந்து என்று கேட்டால் ஓர் ஊர்ப்பேரைச் சொல்வார். அதற்குமேல் அந்த ஊரைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சுதந்திரம் வந்த வருஷமே நாங்கள் இந்நாட்டவர் இல்லை என்று சட்டம் சொன்னது. மறுவருஷம் இன்னொரு சட்டம் வந்தது: இத்தனை காலம் இங்கேயே இருந்ததைக் காட்டினால் பிரஜாவுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம், இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். எனக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை. அப்பாவின் மனுதான் எங்கள் மூவருக்கும் மனு. காட்டுவதற்கு அவரிடம் காகிதம் இல்லை. ஒரு பிஸ்கட் டின்னில் என் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், அம்மை குத்திய சீட்டு ஒன்றும், ஒரு பெரிய கங்காணி எப்போதோ கொடுத்த கடிதமும் இருந்தன.

ஐம்பதாம் ஆண்டு தை மாதத்தில் எனக்கு மாத்தளையில் வேலை கிடைத்தது. மிளகு, ஏலம், கொக்கோ வாங்குகிற ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை எழுத வேண்டும். காலை எட்டுக்குக் கடை திறக்கும். தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையில் ஏழு மைல், ரோட்டால் பத்து. முதல் பஸ் கடை திறந்த பிறகுதான் வரும். நடந்தேன். ஒரு மாதத்தில் கன்வஸ் சப்பாத்து இரண்டு தேய்ந்தது. மூன்றாவது வாங்கப் போனபோதுதான், சப்பாத்துக் காசைச் சைக்கிளில் போடலாமே என்று தோன்றியது. புதுச் சைக்கிள் என்பது நினைத்தே பார்க்கக் கூடாதது. ஆகவே துண்டு துண்டாகச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் பிரேம். யுத்தம் முடிந்தபின் இராணுவம் ஏலத்தில் விட்டுப்போன பழைய இரும்பு அந்த நாளில் மாத்தளையிலும் குவிந்து கிடந்தது. அப்படியான ஒரு குவியலின் அடியில், ஜீப்பின் பழைய மட்கார்டுக்குக் கீழே, பச்சை பூசிய பிரேம் ஒன்றைக் கண்டேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் கொஞ்சம் வளைந்திருந்தது. என் அரைமாதச் சம்பளத்துக்கு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைத்தெருக் கோடியில் சைக்கிள் திருத்துகிற சிங்களப் பாஸிடம் போனேன். அவர் அதைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"மல்லி, எங்க மத்தது?" தம்பி என்பதற்கு அவர் சொல் மல்லி.

"மத்தது இனிமேதான் பாஸ்."

"அப்ப இது சைக்கிள் இல்ல. சைக்கிள் செத்து மூணு மாசம் போனா இப்பிடித்தான் இருக்கும்."

கூலிக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பில்களைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். போர்க்கை அடித்து நேராக்கினார். ஹாண்டில் ஒரு மாதத்தில் வந்தது, பெடலும் கிரேங்கும் இன்னொரு மாதத்தில். செயின் இரண்டு பழைய செயின்களின் நல்ல பாதிகளை இணைத்தது. சீட்டின் தோல் பிளந்திருந்தது. அம்மா கோணிச்சாக்கை மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

பின்சக்கரம் முழுசாகவே கிடைத்துவிட்டது. முன்சக்கரத்துக்கு ஹப் மட்டும் இருந்தது. பல்லேகமப் பக்கத்திலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் ஒரு ரிம்மும் கொண்டுவந்திருந்தார். விட்டத்தை அளந்தேன், இருபத்தெட்டு அங்குலம். துரு எங்கெங்கே என்று பார்த்தேன். வளைவு இல்லை. எல்லாவற்றையும் டயரியில் குறித்துக்கொண்டு வாங்கினேன். பாஸ் அதைக் கையில் எடுத்து மெதுவாகச் சுற்றினார். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். முன்சக்கர ஹப்பில் துளை முப்பத்திரண்டு. நான் வாங்கியது பின்சக்கர ரிம், துளை நாற்பது.

"எட்டு ஓட்ட மிச்சம். ஆளுக்கொண்ணா வச்சு ஊதலாம்" என்றார், வந்தவர்களில் ஒருவர்.

"சிரிக்காதீங்க, மாத்தயா எல்லாத்தயும் எழுதி வச்சிருக்காரு" என்றார் பாஸ், எனக்குப் பெரிய மனுஷர் பட்டம் கொடுத்து. "ஓட்டய மட்டும் எண்ணல."

ஆனி மாதக் கடைசியில் சைக்கிள் முடிந்தது. டயர் இரண்டும் பழசு. வெடித்த இடங்களில் உள்ளே வேறு டயரை வெட்டி வைத்திருந்தோம். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் ஒருமுறை எழும்பி விழும். பிரேக் கட்டைதான் பெரிய தொல்லை. மலையிலிருந்து இறங்கும் பாதையில் கடைக் கட்டை பத்து நாள் தாங்காது. லொறி டயரை வெட்டி நானே செய்துகொண்டேன். காலையில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் மாத்தளை. சாயந்தரம் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே போக வேண்டும், மூன்று மணி நேரம். என் காலுக்குப் பாதி வேலையைத்தான் அது மிச்சப்படுத்தியது. ஆனாலும் அந்தக் காலை ஒரு மணி நேரத்தைப்போல ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. இதையும் எழுதி வைப்பதுதான் நியாயம்.

முதல் நாள் லயத்துக்குக் கொண்டு போனபோது கங்காணி வாசலில் நின்று பார்த்தார்.

"என்னடா, தொரை வேலைக்குப் பேரு குடுத்திருக்கியா?"

அப்பா என்னை உள்ளே கூப்பிட்டார். உள்ளே வந்த பிறகு என்னிடம் சொன்னார்: "பங்களா வளைவுல எறங்கிடு."

"தொரை இல்லாதப்பவுமா?"

"இருந்தாலும் எறங்கு, இல்லாட்டியும் எறங்கு. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

தோட்டத்தில் அது எழுதாத சட்டம். துரையின் கண்ணில் படும் இடத்தில் எங்கள் ஆட்கள் குடையை மடக்குவார்கள், தலைத்துண்டை எடுப்பார்கள், சைக்கிளில் வந்தால் இறங்குவார்கள். பங்களா இருந்த வளைவு அந்தப் பாதையிலேயே அருமையான இறக்கம். இருநூறு யார் தூரத்தை நான் வருஷக்கணக்கில், காலியான வராந்தாவுக்கு மரியாதை செய்துகொண்டு, தள்ளியே கடந்தேன்.

இரண்டாவது வாரம் டவுனில் ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி லைசன் தகடு எங்கே என்று கேட்டார். அந்த நாளில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் லைசன் எடுக்க வேண்டும். ஒரு தகடும் ஒரு துண்டும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துக் கிராமச் சங்கத்துக்குப் போனேன். "தோட்டம் எங்க கணக்குல இல்லை" என்றார்கள். டவுனில் எடுப்பதானால் டவுனுக்குள் விலாசம் வேண்டும். கடையில் இதைச் சொன்னபோது முதலாளி தராசிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"கடை விலாசத்தப் போடுங்க தம்பி. நீங்க பகல் முச்சூடும் இங்கதானே ஈக்குறீங்க. விலாசத்துக்கு நான் வாடகையா கேக்கப் போறன்?"

அன்று இரவு அப்பாவிடம் லைசன் எடுக்கப் போவதாகச் சொன்னேன். அவர் அப்போது வேலைக்குப் போகவில்லை. வைகாசியில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி முழங்காலுக்குக் கீழே இறங்கி, புண் ஆறாமல் கிடந்தார்.

"அது கவருமெந்துக் காகிதமா?"

"ஆமா. சீல் வச்சுத் தருவாங்க."

"அப்ப என் பேருல எடு. எனக்குன்னு ஒரு காகிதமாச்சும் இருக்கட்டும்."

சிரித்துவிட்டேன். "சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கு லைசனா?"

"நீ ஓட்டு. பேரு என்னுதா இருக்கட்டும்."

அவர் பேரையும் கடை விலாசத்தையும் நகரசபைக் கந்தோரில், அந்த அலுவலக ஜன்னலில், எழுதிக் கொடுத்தேன். சீல் வைத்த துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது இங்கிலீஷ். எது தன் பேர் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை.

ஐம்பத்தொன்றில் மனுப் போட்டோம். இருந்த இடம் என்ற கேள்விக்குத் தோட்டத்தின் பேரை மட்டும் எழுதினோம். வேறு இடம் ஏது? விசாரணைக்குக் கடிதம் வர மூன்று வருஷம் சென்றது. அதற்குள் கோப்பை நான்தான் தயார் செய்தேன். தோட்டத்துக் கந்தோரிலிருந்து செக்ரோல் விவரம் வாங்கினேன். வேலைக்கு வந்த ஒவ்வொருவரின் பேரும் அந்தச் செக்ரோலில் நாளுக்கு நாள் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தது. ஐம்பதாம் ஆண்டு வைகாசியிலிருந்து மார்கழி வரைதான் அப்பாவின் பேர் இல்லை. கால் புண்ணோடு லயத்தில் கிடந்த மாதங்கள். மனு எழுதிக் கொடுத்த பெரியவர், "இது போதும், இதுக்குமேல ஒண்ணும் வைக்காத. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா மட்டும் வை" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. தோட்டத்து மருந்துக்காரர் களிம்பு பூசினார், சீட்டு எழுதவில்லை.

எனக்கு அந்த இடைவெளி பொறுக்கவில்லை. எட்டு மாதம் வெறுமையாக இருக்கிற ஒரு கோப்பு என் கோப்பாக இருக்க முடியாது. அந்த வருஷம் ஆடியில், சீல் வைத்து, அப்பா பேரில் ஒரு காகிதம் என்னிடமே இருந்ததே. அதையும் ஐம்பத்தொன்றாம் வருஷத்துத் துண்டையும் தேதி வரிசைப்படி அதனதன் இடத்தில் குத்தினேன். கோப்பை மூடியபோது அழகாக இருந்தது என்று டயரியில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் வாசிக்க முடியவில்லை.

விசாரணை ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவர் இங்கிலீஷில் கேட்பார். பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தமிழில் சொல்வார். அப்பா நின்றார். நான் பின்னால் பெஞ்சில் இருந்தேன். அரைமணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டி வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். பின்தாளைப் பார்த்தார், மறுபடி முன்தாளுக்கு வந்தார்.

"உம்மட்ட சைக்கிள் இருக்கோ எண்டு ஐயா கேக்கிறார்."

"இருக்குங்க."

"உமக்கு ஓடத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. தோட்டத்துல நாங்க ஏறுறதில்லீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. மொழிபெயர்த்தவருக்கு அதைச் சுருக்கத் தெரிந்திருந்தது.

"மனுவில தோட்டத்தை விட்டு வேறெங்கையும் இருக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீர். இதில மாத்தளை டவுனில இருந்ததா இருக்கு. அதுவும் செக்ரோலில பேர் இல்லாத மாதங்களில. ரெண்டில ஒண்டு பொய். இந்த விலாசம் ஆர் குடுத்தது?"

அப்பாவுக்கு விலாசம் என்று ஒன்று அந்தத் துண்டில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அது அவர் கழுத்தில் தெரிந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"நாந்தாங்க குடுத்தேன்."

"ஏன்?"

"தெரியாமக் குடுத்திட்டேங்க."

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். அவருக்குக் கால் புண், அவர் லயத்தில் கிடந்தார், கடை விலாசத்தைக் கொடுத்தவன் நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இங்கிலீஷும் வரும். சபைக்குப் பொய் விலாசம் கொடுத்ததற்கு வழக்குப் போடுவார்கள், முதலாளியையும் இழுப்பார்கள், வேலை போய்விடும் என்று பயந்ததாகப் பின்னால் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் இவ்வளவும் நினைத்தேனா என்று டயரி சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் நடந்தது.

படியிறங்கும்போது அப்பா கேட்டார்: "சைக்கிள எங்க விட்டிருக்க?"

"கீழ, மரத்தடியில."

"பூட்டுனியா?"

"பூட்டியிருக்கேன்."

இரண்டு மாதத்தில் மனு நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது, கோப்பில் குத்திய துண்டுகளும் அதோடு திரும்பி வந்தன. அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "இப்ப நம்மள எங்க போகச் சொல்றாங்க?" என்று கேட்டார். அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. அப்பா டின்னைக் கொண்டுவரச் சொல்லி, கடிதத்தையும் அதற்குள் போட்டு மூடினார்.

"எல்லாத்தையும் ஒழுங்கா வச்சிருந்த" என்றார். "அதான்."

இதைத்தவிர அவர் என்னைக் குறை சொன்னதில்லை. இது போதும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு பிரக்ராசி, வழக்குப் பார்க்கிறவர், சொன்னார். அதற்கு, அந்த விலாசம் எப்படி வந்தது என்று உண்மையைச் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்பா மாட்டேன் என்றார். "ஒருவாட்டி சொன்னது சொன்னதுதான். இப்ப மாத்திச் சொன்னா ரெண்டும் பொய்யாப் போகும்." நான் வற்புறுத்தவில்லை. அவர் மறுத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த நாளுக்கு என் டயரியில் இருப்பது: "மழை. கடைக்குப் போனேன்."

சைக்கிளை நான் விட்டுவிடவில்லை. விட்டேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். ஆனால் வேலைக்குப் போக வேண்டுமே. டயர் மாற்றினேன், செயின் மாற்றினேன், ஐம்பத்தெட்டில் பின்சக்கரத்தையே மாற்றினேன். பிரேம் மட்டும் பழைய பச்சை. லைசனை என் பேருக்கு மாற்றப் பழைய சொந்தக்காரர் கந்தோருக்கு வந்து கைநாட்டு வைக்க வேண்டும். அப்பாவை இன்னொருமுறை ஒரு கந்தோருக்குக் கூட்டிப்போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு தையிலும் அதே பேருக்கு, அதே விலாசத்துக்குப் புதுப்பித்தேன்.

அறுபத்து நான்கில் இந்நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும், யாருக்கு எத்தனை பேர் என்று எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நான் கலியாணம் செய்து டவுனில் தனியாக இருந்தேன். இந்தப் பக்கத்துப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டேன். அப்பா என்னைக் கேட்காமலே இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டபோது, "அங்கயாச்சும் வெலாசம் கேக்க மாட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அறுபத்தொன்பதில் அவரும் அம்மாவும் போனார்கள். தகரப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி மாத்தளை ஸ்டேஷனுக்குத் தள்ளிப் போனேன். பெட்டி சரியாமல் இருக்க அப்பா பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்தச் சைக்கிளைத் தொட்டது அன்றைக்குத்தான். அம்மா முன்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பிளாட்பாரத்து வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது அப்பா தகட்டைப் பார்த்தார்.

"இந்த வருஷத்துக்குப் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"யாரு பேருல?"

கயிற்றைச் சுருட்டினேன்.

"இன்னுமா?" என்றார். "மாத்திக்கடா. நாந்தான் போறேனே."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் பூட்டியிருந்தது. கண்டிக்குப் போகிற ரயில் வந்தது, ஏறிவிட்டார்கள். அங்கிருந்து தலைமன்னார், அதற்கப்பால் கப்பல்.

எழுபதுக்கும் புதுப்பித்தேன். எழுபத்தொன்றுக்கும் புதுப்பித்தேன். அந்த வருஷக் கடைசியில் அம்மாவுக்காக யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் வந்தது. அப்பா காய்ச்சலில் போய்விட்டார். போன தேதியை எழுதியிருக்கவில்லை. ஐப்பசி என்று மட்டும் இருந்தது.

அடுத்த தையில் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் புதிதாக வந்த ஒரு பெடியன் இருந்தான். பெரிய புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, அப்பாவின் பேரைச் சத்தமாக வாசித்தான். விலாசத்தையும் வாசித்தான்.

"இவர் இன்னும் இந்த விலாசத்துலதான் இருக்காரா?"

"ஆமாம்" என்றேன். "அங்கதான் இருக்காரு."